மல்லாட்டைத் தயிர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பால், தயிரை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. மாட்டை நினைத்துத்தான் நிறுத்தினேன். வீட்டிலேயே மல்லாட்டைப் பால், அதாவது வேர்க்கடலைப் பால், எடுக்கிறேன். டீயில் ஊற்றினால் திரிந்துவிடுகிறது. தயிருக்கு எலுமிச்சை பிழிந்தேன், அடியில் கட்டியும் மேலே தண்ணீருமாக நின்றது. சில நாள் கசக்கவும் செய்கிறது. இன்னொரு கேள்வி. பால் எப்படி வருகிறது என்று கேட்டுத்தான் விட்டேன். கடையில் வாங்கும் இந்தப் பருப்பு எப்படி வருகிறது என்று இதுவரை கேட்கவேயில்லை. கேட்க வேண்டுமா?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

கேட்க வேண்டும். உங்கள் கசப்புக்குப் பதிலே அங்கேதான் இருக்கலாம். முதலில் அடுப்படி வேலையை முடித்துவிடுவோம்.

வறுக்காத பருப்பு 200 கிராம். எட்டு மணி நேரம் ஊறட்டும். வேலூர் வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் போதும், மீறினால் ஊறும்போதே புளிக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கையால் பிசைந்தால் தோல் கழன்றுவிடும். தோல் துவர்க்கும். இரண்டு பருப்புக்கும் நடுவில் நுனியில் ஒட்டியிருக்கும் சின்ன முளை கசக்கும். பிசையும்போது பாதி முளை தானே உதிரும், மீதியைக் கிள்ளிவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்த பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். டீக்கு மொத்தம் ஒரு லிட்டர், தயிருக்கு 700 மில்லி. பழைய வேட்டித் துணியில் பிழியுங்கள். சக்கையை அடை மாவில் சேர்க்கலாம்.

பிழிந்ததைச் சிறு தீயில் வைத்து, பொங்கி வந்த பிறகும் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விட வேண்டும். பச்சை வாடை அதில்தான் போகும். கிளறாவிட்டால் அடி பிடிக்கும்.

டீயில் திரிவது புளிப்பும் சூடும் சேர்வதால். டிகாஷனைத் தனியாக இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, சூடு செய்த மல்லாட்டைப் பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். வெல்லம் போட்டுக் கொதித்தால் இன்னும் வேகமாகத் திரியும்.

எலுமிச்சை பாலைத் திரிய வைக்கும், உறைய வைக்காது. உறைய வைப்பது நுண்ணுயிர். அது பச்சை மிளகாய்க் காம்பில் இருக்கிறது. பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது சுமார் 40 டிகிரிக்கு, ஆறியதும் அலசிய காம்பு ஏழெட்டும் அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்டு அசைக்காமல் மூடி வையுங்கள். மாட்டுப்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை தாராளமாக இருக்கிறது. மல்லாட்டைப் பாலில் நுண்ணுயிருக்குத் தீனி குறைவு, அதற்குத்தான் சர்க்கரை. கோடையில் எட்டு மணி, மார்கழியில் பன்னிரண்டு. முதல் தயிர் தளர்வாகவும் லேசான மிளகாய் வாடையுடனும்தான் வரும். அதில் இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். அது நன்றாக உறையும். ஆனாலும் எருமைத் தயிர் போல வெட்டி எடுக்க வராது. இளஞ்சிவப்புப் புள்ளியோ நூல் போன்ற வழவழப்போ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

தோலும் முளையும் போன பிறகும் கசந்தால் பருப்பைச் சந்தேகப்படுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த மல்லாட்டைப் புண்ணாக்குதான் காரணம். அதைத் தேடிப் போய்த்தான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய் தருவது. நாள்பட்டுச் சேரும் நஞ்சு என்பதால் தினமும் மல்லாட்டைப் பால் குடிப்பவர் மற்றவரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். ஊறவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. கசப்பில்லாத பருப்பிலும் இருக்கலாம், ஆகவே நாக்கை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அதன் மாற்றுருவம் இறங்கும். நம் நாட்டில் பாலுக்கு அதற்கென்றே வரம்பு உண்டு: கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். நீங்கள் விட்ட பாலும் எடுத்துக்கொண்ட பாலும் ஒரே கொல்லையில் வந்து முடிகின்றன, கே.

நம் பக்கத்துச் செம்மண்ணில் ஆனி, ஆடியில் விதைக்கும் மானாவாரிக் கடலை ஐப்பசி வாக்கில் பிடுங்க வரும். காய் முற்றும் நேரத்தில் மழையில்லாமல் மண் காய்ந்தால் பூஞ்சணம் மண்ணிலேயே ஏறும். பிடுங்கிய செடி அடைமழையில் நனைந்தால் மேலும் ஏறும். செடியைப் புரட்டிக் காய் மேலே பார்க்கப் போட்டுக் காயவைத்திருக்க வேண்டும். இன்னொரு கெட்ட பழக்கம், மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது. எடையும் கூடும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே என்ன வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பருப்பாக வாங்காதீர்கள், காயாக வாங்குங்கள். காதருகே குலுக்கினால் கலகலவென்று ஆட வேண்டும். உடைத்ததும் ஓட்டின் உட்புறம் பாருங்கள், பச்சையோ மஞ்சளோ பொடி படிந்திருக்கக் கூடாது. பருப்பை இரண்டாகப் பிளந்து நடுக்குழியையும் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே பச்சை பூத்திருப்பது உண்டு. சுருங்கியது, கறுத்தது, முளை விட்டது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் ஒதுக்கிப் புதைத்துவிடுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. மருந்து தடவிச் சாயம் ஏறிய விதைக் கடலையைச் சாப்பிடத் தொடவே கூடாது.

மல்லாட்டைப் பாலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆகவே தயிரைக் கூழில் கரைத்துக் குடியுங்கள். பி12 இரண்டிலும் கிடையாது. நான்கு மாதம் ஆகிவிட்டதால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை தொடங்கிவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம்.

விவசாயியிடமே வாங்க முடிந்தால் இரண்டு கேள்வி போதும்: பிடுங்கும்போது மழை பெய்ததா, உடைக்கும் முன் தண்ணீர் தெளித்தீர்களா. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் மார்கழியில் விதைத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த இறவைக் காயை எடுங்கள். ஓட்டோடு சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.