கெப்போங்கிற்கு வரும் சிப்பிப்பாறையும் அடுத்த வீட்டு வாத்துகளும்

தம்பி, அடுத்த மாதம் குடும்பத்தோடு கோலாலம்பூருக்கு வருவதாகவும், கெப்போங் பக்கம் வாடகைக்குப் பார்த்திருக்கும் தரை வீட்டின் பின்னால் மழைநீர்த் தேக்கக் குளம் ஒன்று இருப்பதாகவும், அடுத்த வீட்டுக்காரர் வளர்க்கும் பெரிய வாத்துகள் கூட்டமாக வந்து வாசலை அசிங்கம் செய்வதை வீட்டு முகவரே ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரிலிருந்து கூடவே கொண்டுவரும் உங்கள் சிப்பிப்பாறை நாயை, அமெரிக்காவில் செய்வதைப் போல வாத்து விரட்டப் பழக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், இந்த ஊரில் நாய் வளர்ப்பது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அது உங்களுக்கு எப்படியும் தேவைப்படும்.

அமெரிக்கர்கள் தலையில் அடித்துக்கொள்வது கனடா வாத்து என்னும் காட்டுப் பறவையைப் பற்றி. கருத்த கழுத்தும் கன்னத்தில் வெள்ளைப் பட்டையும் கொண்ட அந்தப் பறவை பருவத்துக்குப் பருவம் வடக்கும் தெற்குமாக வலசை போகும் இனம்தான் என்றாலும், வெட்டிவிட்ட புல்தரையும் அதை ஒட்டி ஒரு குளமும் கிடைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிவிடும் கூட்டங்கள் பெருகிவிட்டன. கோல்ஃப் திடல், அலுவலக வளாகம், பள்ளி மைதானம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். தின்ன இளம்புல் இருக்கிறது, எதிரி வந்தால் தொலைவிலேயே தெரிகிறது, ஓடி இறங்கத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் காப்பதால், அனுமதி இல்லாமல் அதைக் கொல்லவோ அதன் முட்டையில் கை வைக்கவோ முடியாது. காயப்படுத்தாமல் விரட்டுவதற்கு மட்டும் இடம் இருந்தது. நாய் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. 1999இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் விமான நிலையம் ஓடுபாதைப் பக்கம் வரும் பறவைகளை விரட்ட ஒரு பார்டர் கோலி நாயைப் பணிக்கு வைத்தது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் கனடா வாத்துகள் சிக்கியதால் அது 155 பேருடன் ஹட்சன் ஆற்றில் இறங்கி, எல்லோரும் உயிர் பிழைத்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும்.

நியூ ஜெர்சியில் என் மைத்துனர் வேலை செய்யும் அலுவலகத்தின் குளக்கரையில் இந்த வேலை நடப்பதை நின்று பார்த்திருக்கிறேன். நாய் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தபடி நின்றது. அவர் சீழ்க்கை அடித்த பிறகுதான் புறப்பட்டது. அப்போதும் நேராகப் பாயாமல் அகலமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வயிறு புல்லில் உரசும் அளவுக்குத் தாழ்ந்து, தலையை நீட்டி, பார்வையை எடுக்காமல் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தது. மேய்ந்துகொண்டிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நடுவில் ஒரு முறை அவர் படுக்கச் சொன்னார். கூட்டத்துக்குப் பத்தடி தூரத்தில் இருந்த அந்த நாய் அப்படியே படுத்துவிட்டது. மறுபடி எழச் சொன்னதும் வாத்துகள் தள்ளாடி நடந்து நீரில் இறங்கின. தண்ணீருக்குள் போய்விட்டால் பயமில்லை என்று அவை கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக, அவர் சிறு கயாக் படகு ஒன்றை இறக்கி, நாயையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே துடுப்புப் போட்டார். அதன் பிறகுதான் கூட்டம் எழும்பிப் பறந்தது. ஒரு பறவைக்கும் கீறல் கூட இல்லை.

காணொளியில் பார்ப்பவர்களுக்கு அது துரத்தல் போலத் தெரிகிறது. வேட்டை விலங்கிடம் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பிடிப்பது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. ஆட்டு மந்தைக்காக பார்டர் கோலியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தவர்கள் முதல் மூன்றையும் கூர்மையாக்கி, கடைசி இரண்டையும் மங்க வைத்துவிட்டார்கள். விருதுநகர் வட்டாரத்தில் சிப்பிப்பாறையை வளர்த்தவர்கள் தேடியதோ வேறு குணம். கண்ணில் பட்ட முயலை எட்டிப் பிடிக்க வேண்டும், பின்னால் நிற்கிறவன் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாயைத்தான் அவர்கள் நல்ல நாய் என்றார்கள். அந்த இனத்தின் பெருமையே அதுதான். அந்த நாயை வாரில்லாமல் வாத்துக் கூட்டத்தின் முன் விட்டால், நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாத்தின் கழுத்து அதன் வாயில் இருக்கும். பயிற்சியால் இதை ஓரளவு அடக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் வளர்க்கும் பறவையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கனடா வாத்துக்கு இறக்கை இருக்கிறது. இங்கே சரியில்லை என்று பட்டால் பத்து மைல் தாண்டி வேறு குளத்துக்குப் போய்விடும். உங்கள் அடுத்த வீட்டு வாத்து, மலாயில் அங்சா என்று சொல்லப்படும் அந்த வளர்ப்புப் பறவை, உடல் கனத்தால் நெடுந்தூரம் பறக்க முடியாதது. காலையில் நீங்கள் விரட்டினாலும் மாலையில் தீனி வைக்கும் வீட்டுக்குத்தான் திரும்பி வரும். போக்கிடம் இல்லாத பறவையை நாளும் நாயை விட்டு மிரட்டுவது விரட்டல் ஆகாது. அமெரிக்காவிலேயே கூட, வாத்து அடைகாக்கும் காலத்திலும், கோடையில் இறகு உதிர்ந்து சில வாரம் பறக்க முடியாமல் இருக்கும் காலத்திலும் பொறுப்புள்ள பயிற்சியாளர்கள் நாயை இறக்குவதில்லை. கூடு கட்டுவதற்கு முன்பே தொடங்கி, வேளை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பப் போனால்தான் பலன் இருக்கிறது. நாய் வருவது நின்றால் வாத்துகள் திரும்பிவிடுகின்றன. கரையோரப் புல்லை உயரமாக வளரவிடுவது, யாரும் ரொட்டி போடாமல் பார்த்துக்கொள்வது, உரிய அனுமதியோடு முட்டையின் மேல் சோள எண்ணெய் பூசிப் பொரியாமல் செய்வது என்று மற்ற வேலைகளும் கூடவே நடக்கின்றன. ஒரு பிராணியை வைத்து இன்னொன்றை அடக்கும் யோசனையில் இந்த ஊர் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்: காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காகங்கள் பெருகி, பின்னாளில் ஆள் வைத்துச் சுட்டுத் தள்ளும் நிலைமை வந்தது.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம் வாத்துக்கும் பொருந்தும். விலங்கை வதைத்ததாக நிரூபணமானால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, அல்லது இரண்டுமோ கிடைக்கலாம். வேலை அனுமதியில் இருக்கும் நீங்கள் அதன் பக்கமே போகக் கூடாது. கெப்போங்கில் சீனக் குடும்பங்கள் அதிகம். அடுத்த வீட்டுக்காரர் வயதானவராக இருந்தால் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு, குடிவந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளோடு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வாத்தைப் பற்றிய பேச்சை அன்றே எடுக்க வேண்டாம். இடுப்பளவுக் கம்பி வலையைக் கதவின் அடியிலும் வேலியின் சந்திலும் கட்டிவிட்டால் அந்தக் கனத்த பறவைகள் உள்ளே வராது; செலவும் பெரிதாக ஆகாது. எச்சத்தைக் காய்வதற்குள் சுரண்டி எடுத்துவிட்டு நீர் ஊற்றினால் கறை பிடிக்காது. இதற்கு மேலும் தொல்லை தொடர்ந்தால் குடியிருப்பாளர் சங்கத்திடம் சொல்லலாம்; மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதுவது கடைசி வழியாக இருக்கட்டும், ஏனென்றால் உங்கள் நாயைப் பற்றிப் புகார் எழுத அவருக்கும் அதே முகவரி தெரியும்.

இனி நாயைப் பற்றி. இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்று, மலேசியாவின் இறக்குமதி அனுமதி எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கியதும் குறைந்தது 7 நாள் தனிமைப்படுத்தலும் உண்டு. பிட் புல், அகிடா, தோசா போன்ற சில இனங்களுக்கு நுழையவே அனுமதியில்லை. சிப்பிப்பாறை அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், இனத்தின் பெயரை எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடச் சொல்லுங்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. வெறிநோய் இல்லாத பகுதி என்று பெயரெடுத்திருந்த தீபகற்ப மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போடப்பட்டு, அதற்குப் பெரும் எதிர்ப்பும் கிளம்பியது. 2017 முதல் சரவாக்கில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். ஆகவே தடுப்பூசி அட்டையை வீட்டுப் பத்திரம் போல வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு மாநகர் மன்றத்தில் ஆண்டுதோறும் நாய் உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் சொற்பம்தான், அதைக் கட்டாமல் விட்டு, கதவு திறந்திருந்த நேரத்தில் வெளியே போன நாயை மன்றத்து ஆட்கள் பிடித்துப்போன பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பெட்டாலிங் ஜெயா போன்ற பக்கத்து நகரங்களுக்கு விதிகள் தனி. வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்ற வரம்பும், சில இடங்களில் அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். கோண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தால் நிர்வாகக் குழுவின் விதி வேறு சேர்ந்துகொள்ளும். நீங்கள் தரை வீடு பார்த்தது நல்லதாகப் போயிற்று.

ஊரில் இருந்து வருகிறவர்களுக்குப் பழகுவதற்கு நாள் பிடிப்பது வாரைப் பற்றிய ஒழுக்கம்தான். இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்காக வெள்ளை உடுத்திப் பள்ளிவாசலுக்குப் போகிற பெரியவர் எதிரே வரும்போது உங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவருடைய கையை நக்கினால், அவர் வீடு திரும்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாயை வெறுப்பதாக அதற்குப் பொருளில்லை. என் தெருவில் இருக்கும் மலாய்க்கார ஆசிரியர் ஒருவர் தினமும் என் நாயைப் பெயர் சொல்லி நலம் விசாரித்துவிட்டு நான்கடி தள்ளியே நிற்பார். யாராவது எதிரே வந்தால் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருக்கிக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விடுங்கள். நீட்டிச் சுருக்கும் வார் உங்கள் நாய்க்கு வேண்டாம். அந்த இனம் பாய்கிற வேகத்துக்குத் தடித்த தோல் வாரும் அகலமான கழுத்துப்பட்டையும்தான் சரி.

பொதுப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் நாய்க்கு அனுமதியில்லை என்ற பலகை இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் தேசா பார்க்சிட்டியின் பூங்கா ஒரு விதிவிலக்கு. மாலையில் அங்கே நாயோடு நடப்பவர்கள்தான் அதிகம். சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும் என்பதால், ஆறரைக்கு நடக்கக் கிளம்பினால் இருட்டாக இருக்கும். ஒன்பதைத் தாண்டினால் தார்ச் சாலை நாயின் பாதத்தைச் சுடும். மலத்தை அள்ளும் பை சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். வாத்து எச்சத்தைப் பற்றி நியாயம் பேசுகிறவர் தம் நாயின் கழிவை விட்டுவிட்டு வந்தால் பேச்சு எடுபடாது. உண்ணிக் காய்ச்சலும் கொசு மூலம் பரவும் இதயப் புழு நோயும் இங்கே சாதாரணம் என்பதால், மாதாந்தர மருந்தை ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும்.

சிப்பிப்பாறைக்கு ஓடுவதற்கு இடமில்லாவிட்டால் வீட்டுக்குள் அமைதியாக இருக்காது. அடைபட்ட மைதானம் அல்லது வேலி உள்ள இடமாகப் பார்த்து நாள்தோறும் ஓட விடுங்கள். வாத்துகளைப் பொறுத்தவரை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான்: பார்த்தும் சும்மா இருப்பது. கதவுக்கு உள்ளே வாரோடு நிறுத்தி, வாத்துகள் தூரத்தில் இருக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். திரும்பாவிட்டால் இன்னும் தூரத்திலிருந்து தொடங்குங்கள். வாரக்கணக்கில் ஆகும், அவசரம் வேண்டாம். நான் பார்த்த அந்த நியூ ஜெர்சி நாயும் இந்தப் பாடத்தை முடித்த பிறகுதான் குளக்கரைக்கே வந்திருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் நாய் வளர்க்க அனுமதி என்ற வரி எழுத்தில் இருக்கிறதா என்று முகவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லிவிட்டு, முன்பணம் கட்டிய பிறகு வீட்டுக்காரர் மறுப்பது இங்கே நடக்கிற கதைதான். அவர் மறுத்தால் வேறு வீடு பார்க்க உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.