ஜாவால டேட்டாபேஸ்ல சேவ் பண்ற லைப்ரரிய சொந்தமா எழுதிப் பாக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

இதே வேலைய செய்யற ஹைபர்நேட் லைப்ரரி 2001லயே வந்துடுச்சு, இதுக்கான ஜாவா ஸ்டாண்டர்டு ஜேபிஏ 2006ல வந்துச்சு, இன்னொன்னு எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க, நீங்க கத்துக்கத்தானே கேக்குறீங்க, தாராளமா எழுதுங்க தம்பி.

அடியில இருக்கறது ஜேடிபிசி தான், ஜாவா டேட்டாபேஸோட பேசறதுக்கான வழி அது. கிளாஸோட ஃபீல்டுங்கள ரிஃப்ளெக்ஷன் (புரோகிராம் ஓடறப்பவே கிளாஸுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கற வசதி) வெச்சு படிச்சு, டேபிளோட காலம் (column) கூட பொருத்தி, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ல வேல்யூ வர்ற எடத்துல கேள்விக்குறி போட்டு, வேல்யூவ தனியா அனுப்பணும், வேல்யூவ ஸ்ட்ரிங்ல ஒட்டவே ஒட்டாதீங்க, எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு (வெளியாள் தன்னோட கட்டளைய உள்ள நுழைக்கறது) கதவு தொறந்து விட்ட மாதிரி.

அடி வாங்குறது நல் (null, மதிப்பே இல்லங்கறது) வேல்யூ கிட்ட தான். காசிமேட்டுல ஒரு மீன் ஏலக்கடைக்கு நான் கணக்கு சாஃப்ட்வேர் பண்ணப்ப, இன்னும் எடை போடாத கூடையெல்லாம் 0 கிலோன்னு வந்துச்சு, விடிகாலைல கடைக்கார அக்கா போன் பண்ணி "வஞ்சிரம்லாம் எங்கப்பா போச்சு"ன்னு கேட்டாங்க. டேபிள்ல நல் தான் இருந்துச்சு, ஆனா ரிசல்ட்செட்ல (குவெரியோட பதில் வர்ற ஆப்ஜெக்ட்) கெட்இன்ட் கூப்ட்டா நல்லுக்கும் 0 தான் குடுக்கும், உடனே வாஸ்நல் கூப்ட்டு படிச்சது நல்லான்னு பாக்கணும், ஃபீல்டும் நல் வெக்க முடியாத இன்ட்டா (int) இல்லாம இன்டிஜரா (Integer) இருக்கணும், ரெண்டயும் நான் பண்ணல.

அடுத்து டேபிளுக்கு டேபிள் உறவு. 200 படகு லிஸ்ட் எடுத்துட்டு ஒவ்வொன்னோட ஏலத்தயும் தனித்தனியா கேட்டா 201 குவெரி போவும், ஜாயின் போட்டு மொத்தமா எடுங்க. அதே படகு ரெண்டு தடவ வந்தா அதே ஆப்ஜெக்ட் தான் திரும்பி வரணும், செஷனுக்கு ஒரு ஹேஷ்மேப்ல ஐடி வெச்சு ஆப்ஜெக்ட்ட போட்டு வெச்சா போதும்.

டிரான்சாக்ஷனுக்கு (பல மாத்தத்த ஒன்னா சேத்து முடிக்கறது) ஆட்டோகமிட்ட ஆஃப் பண்ணிட்டு, எல்லாம் சரியா முடிஞ்சா கமிட், எக்ஸெப்ஷன் வந்தா ரோல்பேக் பண்ணி பழையபடி ஆக்குங்க. கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸ் கனெக்ஷன்கள தொறந்து வெச்சு திரும்பத் திரும்ப பயன்படுத்தறது) மட்டும் சொந்தமா எழுத வேணாம், அதுக்கு ஹிகாரிசிபின்னு ரெடிமேட் லைப்ரரி இருக்கு.