மேற்கு வாசல் மனை, கண்ணாடி முகப்பு, அப்பா கேட்கும் முற்றம்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் 30க்கு 50 அடி மனை வாங்கியிருக்கிறோம். மேற்கு வாசல். வடக்கிலும் தெற்கிலும் ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்டன. வெளிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து, ஹாலை டபுள் ஹைட்டில் கட்டி, முன்பக்கம் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி வைக்க ஆசை. அப்பாவோ தாத்தாவின் தொட்டிக்கட்டு வீடு மாதிரி நடுவில் முற்றம் வேண்டும் என்கிறார். எனக்கு அது பழைய பாணியாகத் தெரிகிறது. எதைக் கட்டலாம்?

பதில்: அப்பா கேட்பதைக் கட்டுங்கள். உங்கள் ஆசையும் அதிலேயே நிறைவேறும். எப்படி என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மனையைப் போலவே மேற்கு வாசல், முகப்பு முழுக்கக் கண்ணாடி. மாலை ஐந்து மணி இருக்கும். அந்த வீட்டு அம்மா கண்ணாடிக்கு உள்பக்கம் இரண்டு போர்வைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்த துணி போலச் சுட்டது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு போர்வை என்ன செய்யும்? அந்தச் சூட்டை வாங்கி அறைக்குள்ளேயே விடும். திரைச்சீலை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 12க்கு 10 அடி சாதாரணக் கண்ணாடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். கோடை மாலையில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் அளவுக்கு வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வருகிறதா? ஒன்றரை டன் ஏசி ஒன்றின் முழுச் சக்தியும் அந்த ஒரு கண்ணாடிக்கே போய்விடும்.

சன்ஷேடு போடலாமே என்பீர்கள். தெற்குச் சுவருக்கு அது போதும். மார்கழியில்கூட நண்பகல் சூரியன் இங்கே 54 பாகை உயரத்தில் இருப்பதால், இரண்டடி சன்ஷேடு இரண்டேமுக்கால் அடிக்கு நிழல் தரும். மேற்கில் கதை வேறு. சித்திரையில் மாலை நாலேகாலுக்குச் சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேடின் நிழல் அப்போது ஓரடிக்குச் சற்று மேல்தான் விழும். பத்தடி உயரக் கண்ணாடியில் மீதி ஒன்பதடியும் வெயிலில் நிற்கும்.

கண்ணாடி வீடு என்றதும் கட்டடக்கலை படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து பிளானோவில், 1951இல் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ முடித்துக் கொடுத்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு. நான்கு பக்கமும் கண்ணாடி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குளிர் நாட்டிலேயே அது கோடையில் சுட்டது. காற்றுக்கு வாசற்கதவும், கிழக்குக் கோடியில் திறக்கக்கூடிய இரண்டு சின்ன ஜன்னல்களும்தான். தெற்கே நின்ற பெரிய மேப்பிள் மரத்தின் நிழல்தான் அந்த வீட்டுக்குப் பெரிய துணை. படத்தில் வீட்டைப் பார்த்த நாம் மரத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

முற்றம் பழைய பாணி என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஜப்பானின் ஒசாகாவில் 1976இல் ததாவோ ஆண்டோ ஒரு வீடு கட்டினார். மனை 57 சதுர மீட்டர், அதாவது சுமார் 610 சதுர அடிதான். இரண்டு பக்கமும் ஒட்டி வீடுகள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் வாசல் மட்டும் விட்டு கான்கிரீட் சுவரை எழுப்பினார். மனையின் நீளத்தை மூன்று பங்காகப் பிரித்து நடுப்பங்கை அப்படியே வானத்துக்குத் திறந்துவிட்டார். வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான். மழை பெய்தால் கழிவறைக்குக் குடை பிடித்துப் போக வேண்டும், அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடும் முற்றத்தைச் சுற்றியதுதான். அதை இடிக்க மனமில்லாமல் பின்னாளில் பிரித்தெடுத்து, பாவாவின் தோட்ட வீடு இருக்கும் லுனுகங்காவில் மறுபடி எழுப்பினார்கள். நவீன வீடுகள் என்று உலகம் கொண்டாடுகிற வரிசையில் இவை இரண்டும் உண்டு. உங்கள் தாத்தா வீட்டுத் தொட்டிக்கட்டும் இதே யோசனைதான்.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். இரு பக்கமும் வீடுகள், முன்னால் மேற்கு. நல்ல வெளிச்சம் கிடைக்கிற இடம் நடு மட்டும்தான். 8க்கு 10 அடி முற்றம் விடுங்கள். ஹால், சாப்பாட்டு இடம், படுக்கையறை மூன்றும் அதைப் பார்க்கட்டும். நீங்கள் ஆசைப்பட்ட பெரிய கண்ணாடிக் கதவுகளை அங்கே வையுங்கள். முற்றத்துக்கு இரண்டு மாடி உயரம் இயல்பாகவே கிடைத்துவிடும்.

முற்றத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் மேலேதான். முதல் மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் ஷீட்டால் மூடிவிடுகிறார்கள். சூடான காற்று மேலே போய் வெளியேற வழியில்லாமல் வீடே அடுப்பாகிவிடும். அகமதாபாத்தில் சார்லஸ் கொர்ரியா 1960களில் கட்டிய டியூப் வீட்டில் கூரையைச் சரிவாக ஏற்றி, சூடான காற்று உச்சியில் இருந்த திறப்பு வழியாகத் தானே வெளியேறும்படி செய்திருந்தார். நீங்களும் திருட்டு பயத்துக்கும் குரங்குக்கும் கம்பி கிரில் போடுங்கள். கண்டிப்பாக மூட வேண்டும் என்றால், கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் திறந்து விட்டுப் போடுங்கள்.

முற்றத்தின் தரை ஆறு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். நம் ஊர்க் கருங்கல் பலகையைச் சொரசொரப்பாகப் பதியுங்கள். தண்ணீர் போக நாலு அங்குலக் குழாய் இரண்டு வேண்டும். ஒன்றை இலை அடைத்தாலும் மற்றது காப்பாற்றும். அந்தக் குழாய்களை மழைநீர்த் தொட்டியில் சேருங்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு தொல்லை உண்டு, அதனால் கூரையில் விழும் சுத்தமான தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவது பாவம்.

முகப்பு? ஆடிக்காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது, அதனால் அந்தப் பக்கத்தை முழுக்க அடைக்கவும் கூடாது. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி வைத்தால் வெயில் பெரும்பாலும் நிற்கும், காற்று வரும். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் தெருவிலிருந்து பார்க்க எந்தக் கண்ணாடியையும்விட அழகாக இருக்கும். ஜாலிக்கும் உள்சுவருக்கும் நடுவே மூன்றடி விட்டு அதைத் திண்ணையாக்குங்கள். எலிவேஷனுக்கென்று மேற்கில் கருங்கல் ஒட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலையெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் இரவு பத்து மணிக்கு அறைக்குள் விடும்.

கன்னி மூலையில்தான் பெரிய படுக்கையறை என்று வீட்டில் சொல்வார்கள். தென்மேற்கு என்பதால் அதுதான் அதிகம் காயும் அறை. மனக்கஷ்டம் வேண்டாம், அங்கேயே வையுங்கள். மேற்குச் சுவர் முழுக்கத் துணி அலமாரி கட்டிவிடுங்கள், கட்டில் உள்சுவர்ப் பக்கம் போகட்டும். மாடிப்படியும் கழிவறையும் வடமேற்கில் இருந்தால் அவையே ஒரு காப்பு.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு கேளுங்கள். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விடும் முறை. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது, செங்கல் கால் பங்கு மிச்சமாகும். செங்கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் கட்டு கோணும், அதனால் மேஸ்திரியிடம் மூன்றடிக்கு மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மொட்டை மாடியை மறக்க வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கடைக்கால் தோண்டும் முன்பே, மின்கம்பி போகாத இடமாகப் பார்த்துத் தெருவோரம் ஒரு புங்கங்கன்று நடுங்கள். கட்டடத்துக்கு வருகிற தண்ணீரிலேயே அது பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் சட்டி கழுவிய தண்ணீரை மட்டும் அதன் வேரில் ஊற்ற வேண்டாம் என்று ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.