பிள்ளையார் பல் விளக்கினாரா?

கேள்வி: வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என் நாலு வயது மகன், "பிள்ளையாரே, லட்டு தின்னுட்டுப் பல்லு விளக்கினீங்களா?" என்று கேட்கிறான். சிரிப்பை அடக்க முடிவதில்லை. தெய்வக் குற்றம் என்கிறார் மாமியார்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: குற்றமே இல்லை, தங்கச்சி. அவனுக்குப் பிள்ளையார் வீட்டு மனிதர், அதனால்தான் விசாரிக்கிறான். சிவனையே தோழனாகக் கொண்ட சுந்தரரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிறோமே! பினாங்குத் தைப்பூசத்தில் என் அம்மா தேருக்குத் தேங்காய் உடைக்கும்போது, "சில்லு யார் மேலயும் படாம பாத்துக்கப்பா முருகா" என்று சத்தமாகச் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார், கண்ணில் நீர் வழிய. அதைவிடப் பெரிய பக்தியை நான் பார்த்ததில்லை.

சரி, மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த வெள்ளி, பிள்ளையார் சார்பில் பேரனுக்கு அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.