நான்கு துறைகளுக்கு நடுவே ஆய்வு செய்ய வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

யாழ்ப்பாணக் கம்பஸில் கணிதத்தில் விசேட பட்டம் முடித்துக் கலாநிதி ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாம் வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், கணிதம், பொருளியல், உளவியல், பௌதிகவியல் ஆகிய நான்கு துறையினரும் கூடும் உங்கள் ஆய்வுக்குழுவில் வாய் திறக்கவே முடியாமல் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மற்ற மூன்று துறைகளின் பாடநூல்களையும் முதலிலிருந்து படித்து முடிப்பதா, அல்லது கணிதத்துக்கே திரும்பிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு வந்து கோண்டாவிலில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். 19 வருடங்களுக்கு முன் நானும் இதே படிப்போடு இந்த வீட்டிலிருந்துதான் ஒல்லாந்துக்குப் புறப்பட்டேன். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். உங்களுக்குக் குறைவது பாட அறிவு அல்ல. எந்தத் துறையில் எது நிறைவான விடையாகக் கொள்ளப்படுகிறது என்பதுதான் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்கு அது பிடிபட்ட நாளைச் சொல்கிறேன். அம்மா எங்கள் ஒழுங்கையில் நீண்ட காலம் ஏலச்சீட்டுப் பிடித்தவர். இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபா கட்டுவார்கள்; சேர்ந்த ஒரு இலட்சத்தில் யார் அதிகம் கழித்துக் கேட்கிறாரோ அவர் அந்த மாதச் சீட்டை எடுப்பார்; கழித்த காசு மற்றவர்களுக்குப் பிரியும். காசின் அவசரம் கூடியவர்கள் முன்னுக்கு எடுப்பார்கள் என்றும், கழிவு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும் என்றும் சில எடுகோள்களின் கீழ் நிறுவி, அதைக் குழுவின் முன் வெண்பலகையில் எழுதினேன். கணிதத்தவர் என் சார்பு தொடர்ச்சியானதா என்று கேட்டார். பொருளியலாளர் மூன்றாவது வரியிலேயே இடைமறித்து, முதல் மாதமே காசை எடுத்தவர் பிறகு கட்டாமல் விடுவதை எது தடுக்கிறது என்று கேட்டார். பௌதிகவியலாளருக்கு, இருபது பேர் இருபதாயிரம் பேரானால் சமன்பாட்டின் எந்த உறுப்பைக் கைவிடலாம் என்பதே கேள்வியாக இருந்தது. கடைசிவரை பேசாமல் இருந்த உளவியலாளர், எத்தனை பேர் இப்படிக் கேட்டதை நான் நேரில் பார்த்தேன் என்றார். ஒரு கேள்விக்கும் என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. நான் எழுதியது பிழை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அது பிழை அல்ல என்று விளங்க ஒரு வருடம் சென்றது. கணிதத்தில் நிறுவல் முடிந்தால் விடயம் முடிந்தது. பொருளியலில் ஒவ்வொருவரும் தம் நலத்தைப் பார்த்து நடந்தபின்னும் அந்த ஏற்பாடு நிலைக்கவேண்டும். பௌதிகவியலில் முக்கியமானதை வைத்துக்கொண்டு மற்றதைத் துணிந்து தள்ளத் தெரியவேண்டும். உளவியலில் மனிதர்கள் உண்மையில் அப்படி நடந்ததைக் காட்டவேண்டும். ஒருமுறை காட்டியதும் போதாது. 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளை வேறு குழுவினர் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 36 வீதமானவற்றில்தான் பொருண்மையான, அதாவது தற்செயல் என்று தள்ளமுடியாத, முடிவு மீண்டும் கிடைத்தது. எடுகோளையும் பகுப்பாய்வு முறையையும் தரவு சேர்க்கமுன்பே பதிவுசெய்துவிட்டீர்களா என்று உங்கள் உளவியல் தோழி ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். ‘பொருண்மை’ என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். உளவியலில், முடிவு தற்செயலாகவே வருவதற்கான வாய்ப்புக்கு வழக்கமான எல்லை இருபதில் ஒன்று. துகள் பௌதிகவியலில் 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டியிருந்தது. அதாவது அப்படி ஒரு துகள் இல்லாமலே தரவு தற்செயலாக அவ்வளவு விலகுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று. ஒரே கூட்டத்தில் ஒரே சொல்லை இருவர் இவ்வளவு வித்தியாசமாகப் பயன்படுத்தும்போது, அதன் கருத்தைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

பாடநூல்களை முழுதாகப் படிக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. கணிதம் துறைகளுக்கிடையே தானாகவே நடந்து போகும். பங்குவிலையின் ஏற்ற இறக்கத்துக்கு லூயி பாசெலியே 1900இல் பரிசில் எழுதிய ஆய்வேட்டிலும், ஐந்து வருடம் கழித்து ஐன்ஸ்டைன் நீரில் மிதக்கும் நுண்துகள்களுக்கு எழுதிய கட்டுரையிலும் வெப்பம் பரவுவதை விவரிக்கும் அதே வெப்பச் சமன்பாடுதான் வருகிறது. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே யான் தின்பேர்கன், லைடனில் பௌதிகவியலாளர் ஏரன்பெஸ்டின் கீழ் 1929இல் பௌதிகவியலுக்கும் பொருளியலுக்கும் பொதுவான இழிவுப் பெறுமானப் பிரச்சினைகளைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1969இல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வகையீட்டுச் சமன்பாடும் நிகழ்தகவும் உங்களுக்குக் கைவந்தவை. மிகுதியைத் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம்.

ஆனால் எழுதும் இடத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கானமனும் த்வெர்ஸ்கியும் உளவியலாளர்கள். மனிதர் நட்டத்துக்கு அஞ்சுவதைப் பற்றிய தங்கள் கோட்பாட்டை அவர்கள் 1979இல் வெளியிட்டது பொருளியலாளர் வாசிக்கும் எக்கோனொமெட்ரிக்கா இதழில். அதுவும் அவர்களுக்குப் பழகிய சமன்பாடுகளோடு. த்வெர்ஸ்கி 1996இல் காலமாகிவிட, 2002இல் கானமன் பெற்றது பொருளியல் நோபல். நான்கு துறையினருக்கும் சேர்த்து எழுதிய என் முதல் கட்டுரையை ஒரு இதழும் ஏற்கவில்லை. பொருளியலாளருக்கு என்று திருப்பி எழுதிய பிறகே அது வெளிவந்தது.

அந்தத் திருத்தத்துக்கு உதவியது நூல் அல்ல, அம்மா. முன்னுக்கு எடுத்தவர் ஓடாமல் இருப்பது ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். “ஓடினால் நாளைக்கு அவன்ரை பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை ஊர் என்ன சொல்லும்?” என்றார். பொருளியலாளர் கேட்ட தடை அதற்குள் முழுதாக இருந்தது. சீட்டைப் பற்றி பெஸ்லி, கோட், லோரி ஆகியோர் 1993இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். எல்லோரும் ஒரே விருப்பம் உள்ளவர்களானால் ஏலத்தைவிடக் குலுக்கலே நல்லது என்று அதில் காட்டியிருக்கிறார்கள். அம்மாவின் சீட்டில் இருந்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஒருவருக்கு மகளின் கலியாணம், இன்னொருவருக்குக் கிணறு இறைக்க மோட்டர். ஊரில் நீங்கள் பார்த்து வளர்ந்த இத்தகைய விடயங்களைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள். அவையும் ஆய்வுக்கான தரவுதான்.

அடுத்தது பெயர். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னே, நம் பெயர் பின்னே. ஐரோப்பியப் படிவங்களில் எது குடும்பப் பெயர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுப்பார்கள். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசையில்தான் ஆசிரியர் பெயர்கள் வரும். உளவியலில் உழைப்பின் அளவே வரிசையைத் தீர்மானிக்கும். துகள் பௌதிகவியலிலோ 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், அகரவரிசையில் முன்னே வரும் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்புக் கூடுதல் என்றும், உளவியலில் அப்படி ஒரு தொடர்பு இல்லை என்றும் ஐனாவ், யாரிவ் என்ற பொருளியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஆங்கிலத்தில் என் அப்பாவின் பெயர் ‘ஏ’ எழுத்தில் தொடங்குகிறது, என் பெயர் ‘வி’யில். முதல் கட்டுரையில் ஒன்றையும் இரண்டாவதில் மற்றதையும் குடும்பப் பெயராகப் போட்டேன். இன்றும் சில தேடல்களில் நான் இரண்டு ஆட்களாக இருக்கிறேன். நீங்கள் இப்போதே ஒரு வடிவத்தைத் தெரிந்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஓர்கிட் எண்ணில் பதிந்து, கடவுச்சீட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியரை முதற்பெயர் சொல்லி அழைக்க நா எழவில்லை என்றீர்கள். எனக்கும் ‘சேர்’ என்ற சொல் வாயைவிட்டுப் போகப் பல மாதம் ஆனது. அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. அதைவிட முக்கியம், பொருளியல் கருத்தரங்கில் இடைமறித்துக் கேட்பவர் உங்களை அவமதிக்கவில்லை, வாசித்திருக்கிறார் என்பதை உணர்வது. ஒல்லாந்தில் கலாநிதி ஆய்வாளரின் முதல் வேலை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடத்துக்குத்தான். அதன் முடிவில் உங்கள் வேலையை மதிப்பிட்ட பிறகே மிகுதிக் காலம் நீடிக்கப்படும். அந்த மதிப்பீட்டில் நான்கு துறையினரும் இருப்பார்களா, அல்லது ஒரு துறையினர் மட்டுமா என்பதை உங்கள் மேற்பார்வையாளரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். அவர் சொல்லும் துறையின் இதழ்களில் அண்மையில் வந்த மூன்று கட்டுரைகளை, நிறுவலுக்காக அல்லாமல் எழுதிய முறைக்காக, முதல் வரியிலிருந்து படியுங்கள். அடுத்த மாதம் நான் ஒல்லாந்து திரும்பியதும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து இருந்து பார்ப்போம்.