மருந்து கம்பெனிகளின் பசுமைக் கணக்கு: வாசகர் கேள்விகள்

நான் பங்கு வாங்கியிருக்கும் மருந்து நிறுவனம், கார்பன் உமிழ்வைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக ஆண்டறிக்கையில் சொல்கிறது. நம்பலாமா? (மதுரை வாசகர்)

எந்த உமிழ்வை என்று பாருங்கள். பாய்லரில் எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. சோலாருக்கும் காற்றாலைக்கும் மாறினால் இது மளமளவென்று இறங்கும். மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற மருந்தின் பயன்பாடு எல்லாம் ஸ்கோப் 3. மருந்துத் துறையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் தாக்கல் செய்யவேண்டிய, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையில், ஸ்கோப் 1, 2 அத்தியாவசியப் பகுதியில் வருகின்றன; ஸ்கோப் 3 விருப்பப் பகுதியில். முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். இன்னொன்று: ஓர் ஆலையை விற்றுவிட்டு அதே மூலப்பொருளை வெளியே வாங்கினாலும் ஸ்கோப் 1 இறங்கும். உலகத்தில் புகை குறைந்திருக்காது.

என் ஆஸ்துமா இன்ஹேலர் பூமியைச் சூடாக்குகிறதாமே? (சேலம் வாசகி)

ஸ்ப்ரே வகை என்றால், ஆமாம். மருந்தை வெளியே தள்ளும் எச்.எஃப்.சி.-134ஏ வாயு, கரியமில வாயுவைப்போல 1,300 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் மொத்தக் கார்பன் கணக்கில் கிட்டத்தட்ட பாதி, சால்பூட்டமால் இன்ஹேலர் ஒன்றிலிருந்தே வருகிறது. ஆலைக் கூரை முழுக்க சோலார் போட்டாலும் இந்தப் பாதியைத் தொடமுடியாது. அதனால்தான் வாயுவையே மாற்றுகிறார்கள். ஆஸ்ட்ராஜெனகாவின் புது வாயு இன்ஹேலருக்கு 2025-ல் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. பொடியை உறிஞ்சும் வகையில் இந்த வாயுவே கிடையாது. மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது.

எங்கள் ஆலைக் கழிவுநீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி. என்ற மாசு அளவுகள் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன. அப்புறம் ஏன் ஆன்டிபயாடிக் அளவைத் தனியாகக் கேட்கிறார்கள்? (ஹைதராபாத்திலிருந்து சுத்திகரிப்பு நிலைய ஊழியர்)

உங்கள் ஊர்க் கதைதான் காரணம். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் போய்ச்சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்! அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட இவ்வளவு இருக்காது.

சி.ஓ.டி. என்பது மொத்தக் கரிமச் சுமையின் அளவு. வரம்பு 250 மில்லிகிராம் என்றால், அதற்குள் 31 மில்லிகிராம் மருந்து தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஆனால், எதிர்ப்புசக்தி பெற்ற பாக்டீரியா உருவாகாமலிருக்க, ஆற்றுநீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது மருந்துத் துறைக் கூட்டமைப்பே வைத்திருக்கும் இலக்கு. அந்த 31 மில்லிகிராம் இதைப்போல ஐந்து லட்சம் மடங்கு. ஆற்றில் கலந்து நீர்த்துப்போகும் என்று கழித்துக்கொண்டாலும் கணக்கு நேராகாது.

மத்திய அரசு 2020 ஜனவரியில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்புகளை முன்மொழிந்தது; 2021-ல் வந்த இறுதி விதியில் அவற்றைக் காணோம். எனக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. இந்த எச்சம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 2024-ல் வந்தது. வெளிநாட்டு வாங்குநர்கள் கேட்பார்கள், தயாராக இருங்கள். மதர் லிக்கரையும் (மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் திரவம்) ரியாக்டரின் முதல் கழுவுநீரையும் ஆரம்பத்திலேயே தனியாகப் பிரித்து எரிக்க அனுப்புங்கள். தரை கழுவிய தண்ணீரோடு கலந்துவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

பசுமை வேதியியல் என்றால் செலவு கூடுமல்லவா?

எப்போதும் இல்லை. ஃபைசர், மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் தயாரிப்பில் மூன்று படிகளை ஒன்றாக்கி, நான்கு கரைப்பான்களுக்குப் பதில் எத்தனாலை மட்டும் வைத்துக்கொண்டது. கரைப்பான் தேவை பத்தில் ஒரு பங்கானது, விளைச்சல் இரட்டிப்பானது. 2002-ல் பசுமை வேதியியலுக்கான அமெரிக்க விருதும் வந்தது.

எங்கள் ஆய்வகத்தின் மைனஸ் 80 ஃப்ரீசரை மைனஸ் 70-க்கு மாற்றலாமா? (கோவை ஆராய்ச்சி மாணவி)

பெரும்பாலான மாதிரிகளுக்கு மாற்றலாம். மின்சாரம் சுமார் 30 சதவீதம் மிச்சமாகும். ஆனால் மருந்து ஆலையின் ஸ்டெபிலிட்டி மாதிரிகள் (மருந்து எவ்வளவு காலம் கெடாமலிருக்கும் என்று பார்க்க வைத்திருப்பவை) உள்ளே இருந்தால், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பட்டனைத் தொடாதீர்கள். எப்படியானாலும் பனியைச் சுரண்டி, ஃபில்டரைத் துடையுங்கள். பேர் எழுதாத பழைய பெட்டிகள் யாருடையவை என்று விசாரித்துக் காலிசெய்தால், சில ஆய்வகங்களில் ஒரு ஃப்ரீசரையே அணைத்துவிடலாம்.