மாடியிலிருந்து கயிற்றில் இறங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 14வது மாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக ஆளை மெதுவாகக் கயிற்றில் இறக்கிவிடும் பெட்டி ஒன்றை என் கணவர் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா? வீட்டில் 74 வயது மாமியாரும் இருக்கிறார், முட்டிவலி வேறு.
– ஒரு வாசகி, போரூர்

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், ஜன்னலில் கிரில் இருக்கிறதா? வெல்டிங் வைத்த கிரில் என்றால் பேச்சே இல்லை, அந்தப் பெட்டியால் உங்களுக்குப் பைசா பிரயோஜனம் கிடையாது.

மற்றபடி அந்தப் பெட்டி ஏமாற்று வேலை இல்லை. மின்சாரம், மோட்டார் எதுவும் வேண்டாம். பழைய டயல் போனில் எண்ணைச் சுற்றி விரலை எடுத்தால் டயல் பாய்ந்து திரும்பாமல் ஒரே வேகத்தில் 'கர்ர்' என்று திரும்புமே, அதே சூட்சுமம்தான் இதிலும். உங்கள் எடையால் கயிறு ஓட, கயிற்றால் சக்கரம் சுழல, அதோடு சேர்ந்து சுழலும் பிரேக் கட்டைகள் வெளிப்பக்கம் விலகி உருளையின் சுவரில் உரசும். வேகம் இரண்டு மடங்கானால் கட்டையை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும், அதனால் ஓர் அளவுக்கு மேல் வேகம் எகிறவே முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளையும் இறங்கலாம், 100 கிலோ ஆளும் இறங்கலாம். கனமானவர் கொஞ்சம் சீக்கிரம் தரைக்கு வருவார், அவ்வளவுதான்.

இதை அன்றாடப் பொருளாகவே வைத்திருப்பவர்கள் தென்கொரியர்கள். அங்கே இதற்கு 'வான்காங்கி' என்று பெயர். பல வகைக் கட்டடங்களில் 3 முதல் 10 மாடி வரை இது சட்டப்படி இருக்க வேண்டிய சாதனம். (அவர்கள் தரைத்தளத்தையே 1 என்று எண்ணுவார்கள், நம் கணக்கில் 2 முதல் 9.) நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது. கயிற்றின் இரண்டு முனையிலும் பெல்ட் இருக்கும். இரட்டை வாளிக் கிணறு மாதிரி, ஒருவர் கீழே போனதும் அடுத்தவருக்கான பெல்ட் தானாக மேலே வந்துவிடும். அக்குளுக்குக் கீழே பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கையைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். பயத்தில் கையை மேலே தூக்கினால் பெல்ட் உருவிக்கொள்ளும், ஆள் கீழே. அதனால்தான் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் 14வது மாடிக்கு வருவோம். ஏறக்குறைய 42 மீட்டர். கீழே 6வது மாடியில் எரிகிறது என்றால், அந்த ஜன்னலிலிருந்து வெளியே நக்கும் நெருப்பைத் தாண்டித்தான் நீங்களும் உங்கள் கயிறும் இறங்க வேண்டும். காற்று அடித்தால் ஊசலாட்டம் வேறு. கொக்கியை மாட்டும் இரும்புக் கை கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், ஜன்னல் சட்டத்தில் மாட்டினால் சட்டத்தோடு கையில் வரும். மாடிக்கு 4 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் உங்களுக்கு மேலே கீழே எத்தனை பேர், எத்தனை கயிறு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 3வது மாடியில் இருந்துகொண்டு, கிரில்லும் இல்லாமல், படிக்கட்டுப் பக்கம் போகவே முடியாத நிலை என்றால் சரி, பெட்டி உயிரைக் காக்கும். உங்கள் உயரத்தில் அதே காசுக்கு ஸ்மோக் அலாரம் வாங்குங்கள். அப்புறம் படிக்கட்டுக் கதவைப் போய்ப் பாருங்கள்: தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய தீத்தடுப்புக் கதவுக்குக் காற்று வரட்டும் என்று யாராவது செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் செங்கல் இல்லை, ஒரு பழைய வாஷிங் மெஷின். மூன்று மீட்டிங் போட்டுத்தான் அது நகர்ந்தது.

மாமியார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தால்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்கு முன்னாலேயே யோசித்துவிட்டார்கள். 1879இல் பெஞ்சமின் ஓப்பன்ஹைமர் என்பவர் தலையில் மாட்டும் பாராசூட்டுக்கும் அடியில் தடித்த மெத்தை வைத்த ஷூவுக்கும் சேர்த்து அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். படத்தில் அந்த ஆள் குடை பிடித்த கணக்காக நிதானமாக இறங்குவார். கழுத்து என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். உண்மையான பாராசூட் விரியவே உயரம் வேண்டும், சுற்றிலும் வேறு கட்டடம் இல்லாத வெட்டவெளியும் வேண்டும்.

கேள்வி: தீயணைப்புக்காரர்கள் கீழே விரிக்கும் காற்று மெத்தையில் குதிப்பது பாதுகாப்புதானே?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேறு வழியே இல்லாதபோது மட்டும். 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் புச்சியோன் நகரில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். அதில் இருவர் மெத்தையில் குதித்தவர்கள். முதலில் குதித்தவர் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தார், மெத்தை செங்குத்தாக நிமிர்ந்துகொண்டது, சில நொடிகளில் குதித்த அடுத்தவருக்கு மெத்தையே இல்லை. அந்த ஹோட்டலின் பல அறைகளில் கயிற்றுப் பெட்டியும் இல்லை என்று பின்னால் தெரிய வந்தபோதுதான் அங்கே பெரிய சண்டை கிளம்பியது.

கேள்வி: லிஃப்டில் போகாதே என்கிறார்கள். நடக்க முடியாதவர் என்ன செய்வார்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: போரூர் வாசகி, இது உங்களுக்கும். புர்ஜ் கலிஃபா மாதிரி இடங்களில் தீயிலும் ஓடும்படி தனியாக வடிவமைத்த லிஃப்டுகள் உண்டு. நம் அபார்ட்மெண்டின் சாதாரண லிஃப்டை அப்படி நம்ப முடியாது. மின்சாரம் போனால் நடுவில் நிற்கும், உள்ளே புகை ஏறும்.

இதற்கென்றே படிக்கட்டில் இறங்கும் நாற்காலி இருக்கிறது. மடித்துச் சுவரில் மாட்டிவைக்கலாம். பின்பக்கம் உள்ள ரப்பர் பட்டைகள் படியின் விளிம்பைப் பிடித்தபடி உராய்ந்து இறங்கும், உட்கார்ந்தவரின் எடையே பிரேக். தூக்க வேண்டாம், ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டால் போதும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு இவற்றை வாங்கி வைத்தார்கள். 2001இல் கைகால் செயலிழந்த ஓர் ஊழியரை 69வது மாடியிலிருந்து அதில் உட்கார வைத்து, சக ஊழியர்கள் 10 பேர் மாறி மாறிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

உங்கள் அசோசியேஷனில் பேசி மாடிக்கு ஒன்று முடியாவிட்டால் பிளாக்குக்கு ஒன்றாவது வாங்குங்கள். வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அதில் உட்கார வைத்து 14 மாடியும் இறக்கிப் பாருங்கள். திட்டுவார், பரவாயில்லை. திரும்ப மேலே போக லிஃப்ட் இருக்கிறது.